போன் கொதிப்பதற்கு பாஸ்ட் சார்ஜர் மட்டும்தான் காரணமா?



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள். ஆனால் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே வாசிக்க வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

எங்கள் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டு இருக்கிறது. பாஸ்ட் சார்ஜ் போட்டால் போன் வெடிக்கும், புதுச் சார்ஜரை எல்லாம் தூக்கி வீசுங்கள் என்று யாரோ ஒருவர் பதறிப் பதறிப் பேசுகிறார். யார் என்று தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. அதற்குக் கீழேயே ஒரு வாப்பா, "நாங்க அஞ்சு வருஷமா தலகணிக்குக் கீழ வெச்சித்தான் சார்ஜ் போடுறம், ஒண்டும் ஆகல்ல" என்று பதில் போட்டிருக்கிறார்.

இரண்டு பேருடைய கதையும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. வேகமாகச் சார்ஜ் ஏற்றுவது தன்பாட்டில் ஆபத்தான வேலை இல்லை. அதற்கென்று செய்த போனில், அதற்கென்று செய்த சார்ஜரில், காற்றுப் படும் இடத்தில் வைத்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டுப் போகும். எங்கள் பிரச்சினை வெக்கை. தகரக் கூரை, மத்தியான வெயில், தலையணை, பழைய பற்றரி, ஆடுகிற பிளக் எல்லாம் சேர்ந்து அந்த வெக்கைக்குப் போக வழி இல்லாமல் செய்கின்றன. இதைச் சொல்லாமல் சார்ஜரை மட்டும் திட்டுவதால் ஒரு பிள்ளைக்கும் பயன் இல்லை.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பதினோராம் தரத்தில் மின்வலுவும் சக்தியும் படிப்பிக்கும்போது ஒரு சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுகிறோம். தடை ஒன்றினூடாக ஓட்டம் பாயும்போது உண்டாகும் வெப்பம், ஓட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். ஒரு அம்பியர் இரண்டு அம்பியர் ஆனால் வெப்பம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். பிள்ளைகள் அதை மின்னழுத்திக்கும் கேத்தலுக்கும் கணக்காகச் செய்து புள்ளி எடுத்துவிடுகிறார்கள். பொக்கெற்றில் இருக்கும் போனுக்கும் அதே கணக்குத்தான் என்று நாங்களும் சொல்வதில்லை, பாடப்புத்தகமும் பெரிதாகச் சொல்வதில்லை.

பழைய சார்ஜர் 5 வாற்று. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 18 வாற்று, 33 வாற்று. அதற்கு மேலேயும் இருக்கிறது. 33 வாற்றில் பத்தில் ஒரு பங்கு போனுக்குள்ளேயே வெப்பமாகிப் போனாலும் மூன்று வாற்றுக்கு மேல். இராத்திரி எரியவிடும் சின்னப் பல்பைக் கையால் பொத்திப் பாருங்கள், அந்த மாதிரி ஒரு சூடு. அது வெளியே போகிற வரைக்கும் பிரச்சினை இல்லை.

போன் செய்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பற்றரி வெறுமையாக இருக்கும்போது வேகமாக ஏற்றி, நிறைய நிறைய வேகத்தைக் குறைக்கிறார்கள். கடைசி இருபது வீதம் ஏற இழுபடுவது சார்ஜர் பழுது என்பதால் இல்லை, அது வேண்டுமென்றே செய்த வேலை. போன் கூடச் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைக்கும், சில நேரம் சார்ஜை முற்றாக நிற்பாட்டும். 2014இல் ஒப்போ நிறுவனம் கொண்டுவந்த வூக் முறையில், அழுத்தத்தைக் குறைக்கிற வேலையின் பெரும்பகுதியைப் போனுக்குள் செய்யாமல் சார்ஜர் பெட்டிக்குள்ளேயே செய்தார்கள். அந்தச் சூடு சுவரோடு நின்றுவிடும், கைக்கு வராது. இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றை "வெடிக்கும்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நியாயம் இல்லை.

ஆனால் அவர்கள் யோசித்தது எந்த வீட்டுக்கு? அப்பிள், சாம்சங் இரண்டுமே தங்கள் போனைச் சுற்றியுள்ள வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். லித்தியம் அயன் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்குப் பொதுவாகச் சொல்லும் மேல் எல்லை 45 பாகை. இப்போது ஏப்ரல், மே மாதத்தில் பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே நின்று பாருங்கள். அறைக்குள்ளேயே 36 என்றால், போன் தன் சூட்டால் பத்துப் பாகை கூடினாலே 46. எல்லை தாண்டியாயிற்று. கொழும்பில் குளிரூட்டிய அறையில் மேசையில் கிடக்கும் அதே போன், அதே சார்ஜரில் ஒரு குறையும் இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

உடனே வெடிக்குமா என்றால், இல்லை. பெரும்பாலும் நடப்பது மெதுவான சாவு. பற்றரி பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. முழுவதும் சார்ஜ் ஏற்றிய லித்தியம் பற்றரியை 25 பாகையில் ஒரு வருடம் வைத்தால் கொள்ளளவில் 80 வீதம் அளவு மிஞ்சும். 40 பாகையில் வைத்தால் 65 வீதம்தான். 40 வீதம் மட்டும் ஏற்றி அதே 40 பாகையில் வைத்தால் 85 வீதம் மிஞ்சும். சூடும் நிறைந்த பற்றரியும் சேர்வதுதான் கூடாத கூட்டு. இரவு முழுக்க நூறிலேயே சார்ஜில் கிடக்கும் போன் அந்தக் கூட்டிலேதான் கிடக்கிறது.

இதில் எங்களுக்கு மனதை உறுத்துகிற ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் வீடுகளில் போன் எப்படிக் கைமாறுகிறது என்று யோசியுங்கள். கட்டாரில் இருந்தோ சவூதியில் இருந்தோ வாப்பா ஒன்று அனுப்புவார். மூத்தவர் பாவிப்பார். புதிது வந்ததும் அது உம்மாவுக்குப் போகும். உம்மாவிடம் இருந்து கடைசியில் ஆறாம் ஏழாம் தரம் படிக்கிற பிள்ளைக்கு வரும். பற்றரி பழசாகப் பழசாக அதன் உட்தடை கூடும். உட்தடை கூடினால் அதே ஓட்டத்துக்குக் கூடுதல் சூடு. ஆக, வீட்டிலேயே வயது குறைந்தவரின் கையில் இருப்பதுதான் கூடச் சூடாகும் பற்றரி. அந்தப் பிள்ளைதான் அதைச் சார்ஜில் போட்டுக்கொண்டே கேமும் விளையாடுகிறது. கேம் விளையாடினால் சிப்பும் திரையும் சூடாகும், சார்ஜால் பற்றரியும் சூடாகும், மேலே இரண்டு கைகளும் பொத்திக்கொண்டு இருக்கும்.

பிள்ளையைக் குறை சொல்லி முடிக்கவும் முடியாது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது போனில் படிக்கச் சொன்னவர்கள் நாங்கள்தானே. ஸூம் வகுப்பு, வட்ஸ்அப்பில் வினாத்தாள், ஈ-தக்சலாவ. அந்தப் பழக்கம் பிறகு போகவில்லை. இன்றைக்கும் பயிற்சித்தாளைப் படம் எடுத்துக் குழுவில் போடுகிறோம். மூன்று பிள்ளைக்கு ஒரு போன் உள்ள வீட்டில் அது கையில் ஓய்ந்திருக்கும் நேரம் எது? உம்மா வேலையால் வந்து, புத்தளத்தில் இருக்கும் சாச்சியோடு பேசி, மூத்தது வகுப்புப் பார்த்து, சின்னது பயிற்சித்தாள் எழுதி முடிய இரவு பத்தரை. எங்கள் குடும்பங்கள் 1990க்குப் பிறகு புத்தளத்தில் பாதி, இங்கே பாதி என்று ஆகிவிட்டன. போன் இல்லாவிட்டால் சொந்தம் இல்லை. அதனால் "சார்ஜில் இருக்கும்போது தொடாதே" என்று சொல்வது சுலபம், அந்த வீட்டில் நடத்திக் காட்டுவது கஷ்டம்.

கரண்டும் ஒரு காரணம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் வந்த உடனே வீட்டில் உள்ள எல்லாவற்றையும் குத்தி, கிடைக்கிற நேரத்துக்குள் ஏற்றிவிடப் பார்த்தோம். பாஸ்ட் சார்ஜரை அப்போது பலர் தேடி வாங்கினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்ததாம், நாடு முழுக்க இருள். சிரித்தாலும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் கரண்ட் இருக்கும்போதே நூறு வரைக்கும் ஏற்றி வைக்கத்தான் மனம் சொல்லும். ஆகவே மெதுவான சார்ஜருக்குத் திரும்புங்கள் என்ற புத்திமதி எங்களுக்குச் சரிவராது. வேகம் எங்களுக்குத் தேவை. அரை மணித்தியாலத்தில் ஐம்பது வீதம் ஏறினால் போனைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகப் படிக்கலாம். சரியாகப் பாவித்தால் பாஸ்ட் சார்ஜ் என்பது "சார்ஜில் போட்டுக்கொண்டே பாவிக்கிற" பழக்கத்துக்கே மருந்து.

சரியாகப் பாவிப்பது என்றால் பெரிய விஷயம் இல்லை. இடம், நேரம், கவர், இந்த மூன்றும்தான்.

மெத்தை, தலையணை, நுளம்பு வலைக்குள், துணி மடித்த பெட்டிக்கு மேல் என்று வைக்காதீர்கள். பஞ்சும் துணியும் சூட்டைப் பிடித்து வைக்கும். சீமெந்து நிலம், ஓடு, மர மேசை எதுவும் நல்லது. நிலத்தில் வைப்பதென்றால் ஊர்ந்து திரியும் பிள்ளை இல்லாத பக்கம். தடித்த ரப்பர் கவரைக் கழற்றுங்கள், அதற்குள்ளே நோட்டை மடித்து வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் அதையும் எடுங்கள். மத்தியானம் ஒன்றில் இருந்து நாலு வரைக்கும் முடிந்தால் தவிர்த்து, காலையிலோ மஃரிபுக்குப் பிறகோ ஏற்றுங்கள். ஸஹருக்கு எழும்ப அலாரம் வைத்துத் தலைமாட்டில் சார்ஜில் விடுகிறவர்கள், போனைக் கையெட்டாத தூரத்தில் மேசையில் வைத்தால் எழும்பி நடந்துபோய் நிற்பாட்ட வேண்டி வரும். ஸஹரும் தவறாது.

இரவில் விட்டே ஆக வேண்டும் என்றால், சில போன்களில் 80 அல்லது 85 வீதத்தோடு நிற்பாட்டும் வசதி பற்றரி அமைப்புக்குள் இருக்கிறது. பாஸ்ட் சார்ஜை நிற்பாட்டி வைக்கும் பொத்தானும் சிலவற்றில் உண்டு. இரவில் அவசரம் இல்லைதானே. ஓட்டோ ஓடும் தம்பிமார் கண்ணாடிக்கு முன்னால் வெயிலில் மப்பைப் போட்டுச் சார்ஜும் குத்தி வைப்பதைக் காண்கிறோம். அந்த இடத்தைவிட மோசமான இடம் ஒரு போனுக்குக் கிடையாது. சூடான போனைப் பிரிட்ஜுக்குள் வைக்கிற வித்தையையும் விட்டுவிடுங்கள், உள்ளே ஈரம் படியும். கவரைக் கழற்றி பேனுக்குக் கீழே வைத்தால் போதும்.

சார்ஜர் பற்றி. போனும் பாஸ்ட் சார்ஜரும் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், உனக்கு எவ்வளவு வேண்டும், என்னால் எவ்வளவு தர முடியும் என்று. பேச்சு ஒத்துவராவிட்டால் சாதாரண 5 வோல்ற்றோடு மெதுவாக ஏறும். ஒழுங்காகச் செய்த பெரிய சார்ஜரைச் சின்னப் போனுக்குக் குத்தினால் எரிந்துவிடும் என்ற பயம் அதனால் தேவை இல்லை. பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. சுவரில் இருப்பது 230 வோல்ற்று. அதைப் போனில் இருந்து பிரித்து வைக்கிற பாகத்தில்தான் மலிவுச் சார்ஜர்காரர் காசு மிச்சம் பிடிக்கிறார். பெட்டியில் 65 வாற்று என்று பெரிதாக அச்சடித்து, தூக்கினால் வெறும் நெருப்புப்பெட்டி மாதிரிப் பாரமே இல்லாத சாமான்களைச் சொல்கிறோம். அதில் போன் போவது சின்ன விஷயம், போனைப் பிடித்திருக்கும் கைக்குக் கரண்ட் வரலாம்.

இன்னொன்று, வெளிநாட்டில் இருந்து வருகிற சார்ஜருக்கு மூன்று சதுரக் கால். எங்கள் பழைய வீடுகளில் உருண்டைப் பொயின்ற். இடையில் ஒரு அடப்டர், அதற்குள்ளே ஒரு மல்ற்றி பிளக், அதில் பேனும் ரைஸ் குக்கரும். ஆடுகிற இடத்தில் தொடுகை சரியில்லை, தொடுகை சரியில்லாத இடத்தில் தடை கூட, தடை கூடிய இடத்தில் சூடு. பிளக் பொயின்றைச் சுற்றிப் பழுப்பாகிக் கிடந்தால் அதுதான் அடையாளம். போனை விட்டுவிட்டு முதலில் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வெடிப்புக் கதைக்கு வருவோம். உலகத்திலேயே பெரிய சம்பவம் 2016இல் சாம்சங் நோட் 7. ஓகஸ்டில் வெளியிட்டார்கள், செப்டெம்பர் தொடக்கத்தில் 25 இலட்சம் அளவு போன்களைத் திருப்பிக் கேட்டார்கள், ஒக்டோபரில் அந்த மாதிரியையே கைவிட்டார்கள். 2017 ஜனவரியில் காரணத்தைச் சொன்னார்கள். ஒரு நிறுவனம் செய்த பற்றரியில் மேல் மூலை நெரிந்து உள்தகடு வளைந்திருக்கிறது. மாற்றாக வந்த மற்ற நிறுவனத்துப் பற்றரியில் ஒட்டிய இடத்துப் பிசிர் நடுவில் இருக்கும் மெல்லிய படலத்தைக் குத்தியிருக்கிறது. இரண்டிலும் குற்றம் பற்றரியின் உள்ளே. சார்ஜ் வேகத்தைக் காரணமாக அவர்கள் சொல்லவில்லை.

அதே 2016 செப்டெம்பர் 23ஆம் திகதி சிங்கப்பூரில் இருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில் மேல் தட்டில் இருந்த பையில் ஒரு பழைய நோட் 2 புகைந்தது. அது சார்ஜில்கூட இருக்கவில்லை. பணியாளர்கள் தீயணைப்பானை அடித்து, பிறகு தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்குள் போட்டார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை.

2023 ஏப்ரலில் கேரளாவில் திருச்சூர் மாவட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை இறந்தது. போன் வெடித்ததாக எல்லா இடமும் செய்தி. எங்கள் குழுக்களிலும் அது வந்தது. பல மாதம் கழித்து, அது போன் இல்லை, பன்றிக்கு வைக்கும் வெடியாக இருக்கலாம் என்று தடயவியல் பரிசோதனை சொல்வதாகச் செய்தி வந்தது. அதை யாரும் பகிரவில்லை. ஹக்க பட்டாஸ் என்றால் என்னவென்று காட்டோரத்தில் இருக்கும் எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவை இல்லை. முதல் செய்தி ஓடிய வேகத்தில் இரண்டாவது செய்தி ஓடவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

அப்படியென்றால் பயப்படவே வேண்டாமா? ஒரு விஷயத்துக்குக் கட்டாயம் பயப்படுங்கள். ஊதிய பற்றரி. போனின் பின்பக்கம் புடைத்தால், திரை ஒரு பக்கம் தூக்கினால், மேசையில் வைத்ததும் பம்பரம் மாதிரிச் சுற்றினால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. சூட்டால் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வருகிற வாயு அது. அந்தப் போனை அந்த நிமிடமே சார்ஜில் இருந்து கழற்றுங்கள், நிற்பாட்டுங்கள், பிறகு ஒருநாளும் ஏற்ற வேண்டாம். அழுத்திப் பின் மூடியைப் பூட்டிப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றினால் சரியாகும் என்று ஒரு காணொளி திரிகிறது. அதைப் போட்டவருக்கு அல்லாஹ் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். குத்தினால் உள்ளே இருக்கும் தகடுகள் ஒன்றோடொன்று முட்டும், அதுதான் தீ.

"சேர், புள்ளட போன் பலூன் மாதிரி ஊதிட்டு, ஆனா வேல செய்யிது" என்று உம்மாமார் சொல்லும்போது எங்களுக்கு வயிறு கலங்குகிறது. வேலை செய்கிறது என்பதுதான் அதில் ஆபத்தான பகுதி. வன்னிப் பிள்ளைகளுக்கு மிதிவெடி அபாயக் கல்வி கொடுத்து எத்தனை வருடம். தெரியாத இரும்பைத் தொடாதே, எறியாதே, தட்டாதே, பெரியவருக்குச் சொல். இரண்டாம் தரப் பிள்ளைகூட நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். ஊதிய பற்றரிக்கும் அதே பாடம் அப்படியே பொருந்தும். ஏற்கனவே பழகிய பாடம்தானே, இன்னொரு படத்தை ஒட்டினால் முடிந்தது. வலயத்தில் இருந்து சுற்றறிக்கை வரும் வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்?

புகை வந்தால் கையில் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சுவர்ச் சுவிட்சை நிற்பாட்ட முடிந்தால் நிற்பாட்டிப் பிள்ளைகளை வெளியே எடுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. வயர் கழன்ற பிறகு எட்ட நின்று தண்ணீர் நிறைய ஊற்றலாம், விமானத்தில் செய்ததும் அதைத்தான்.

கடை வைத்திருக்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. பற்றரி மாற்றும்போது பழைய போனில் கழற்றியதைத் துடைத்து ஒட்டிக் கொடுப்பது வேண்டாம். வாங்குகிறவர் விலை கேட்பார், அது அவருடைய நிலைமை. ஒரு நல்ல பற்றரியின் காசு சில வீடுகளில் ஒரு கிழமைச் சாமான் காசு என்பது உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும். அப்படியானவருக்கு இரண்டு தவணையில் கொடுங்கள், பழையதைக் கொடுக்காதீர்கள். பில் கொடுங்கள். வாங்குகிறவர்களும் பில்லைக் கேளுங்கள், பில் இருந்தால்தான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அடித்து ஒரு கதை கதைக்கலாம்.

கழற்றிய ஊதிய பற்றரிகளை இப்போது என்ன செய்கிறோம்? குப்பையோடு போட்டு, வளவு மூலையில் பின்னேரம் கொளுத்துகிறோம். சுற்றி நிற்பது பிள்ளைகள். ஒவ்வொரு திருத்தும் கடையிலும் மணல் போட்ட ஒரு தகரம், மாதத்துக்கு ஒருமுறை பிரதேச சபை வந்து எடுத்துப் போக ஒரு ஏற்பாடு. இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் கையொப்பம் வைத்தால் கடிதத்துக்குப் பாரம் கூடும்.

வருகிற பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் உள்ள சார்ஜர்களைக் கொண்டுவாருங்கள். பத்தாம் பதினோராம் தரப் பிள்ளைகள் அதில் எழுதியுள்ள வாற்றையும் அம்பியரையும் வாசித்து, உங்கள் போனுக்கு ஒத்துவருமா என்று சொல்வார்கள். அவர்களுக்கும் அது ஒரு செய்முறைப் பாடம். ஊதிய பற்றரி வீட்டில் இருந்தால் அதை மட்டும் கொண்டுவர வேண்டாம். ஒரு படம் எடுத்துக் குழுவில் போடுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்.